புனிதர் அட்டைத் தொகுப்பு: மறைக்கல்வி வகுப்புக்கு வாங்கலாமா?

மொத்தம் 48 அட்டைகள். முன்பக்கம் புனிதரின் படம். பின்பக்கம் திருநாள், ஐந்தாறு வரியில் வாழ்க்கைக் குறிப்பு, ஒரு சிறு மன்றாட்டு. ஓரத்தில் நிறப்பட்டை: குருக்கள், துறவியர், மணமானவர்கள், மணமாகாத பொதுநிலையினர் என நான்கு நிறம். இதை வாங்கச் சொல்வதே அந்தப் பட்டைக்காகத்தான்.

புனிதர்கள் என்றாலே அற்புதங்களை அடுக்கிச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. கேட்கும் பிள்ளை வியக்கும், 'இதெல்லாம் நமக்கு ஆகாது' என்று ஒதுங்கியும் விடும். திருமுழுக்குப் பெற்ற எல்லாருக்கும் தூய வாழ்வுக்கான அழைப்பு உண்டு என்பதை விளக்கவே, இரண்டாம் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவை) 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் 5ஆம் அதிகாரம் முழுவதும் ஒதுக்கப்பட்டுள்ளது. நேப்பிள்ஸ் மருத்துவர் ஜோசப் மொஸ்காத்தியின் அட்டையையும் மடத்துத் துறவி குழந்தை இயேசுவின் தெரேசாவின் அட்டையையும் அருகருகே வைத்தால், அழைப்பு ஒன்று, வழிகள் பல என்பது பிள்ளைக்கு உடனே புரிகிறது.

குறை என்னவென்றால், 48இல் மணமானவர்கள் ஐந்தே பேர். இப்படியே விட்டால் குருமடமோ கன்னியர் மடமோ போனால்தான் புனிதராகலாம் என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் தங்கிவிடும். வெற்று அட்டையில் நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2015இல் கணவன் மனைவியாக ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்ற லூயி, செலி மார்ட்டின் (கணவர் லூயி கடிகாரம் செய்பவர், மனைவி செலி லேஸ் பின்னும் தொழில் நடத்தியவர்), 2004இல் பட்டம் பெற்ற குழந்தை மருத்துவர் ஜான்னா பெரெத்தா மோல்லா, 2022இல் பட்டம் பெற்ற தேவசகாயம்.

ஒரு வகுப்புக்கு நிறத்துக்கு ஒன்றாக நான்கு அட்டை போதும். கூடினால் பெயர்கள் குழம்பும். பெயரை மறைத்துவிட்டு, 'இவர் தினமும் என்ன வேலை செய்தார்?' என்று தொடங்குங்கள். அற்புதம் இருந்தால் கடைசியில் வரட்டும். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் அந்த வாரத்துக்கு ஒரு செயலை எழுத வேண்டும். 'நல்லவனாக இருப்பேன்' என்பதை ஏற்காதீர்கள். யாருக்கு, எப்போது, என்ன என்று இருக்கட்டும். அடுத்த வகுப்பை அதை விசாரித்தே தொடங்குங்கள், இல்லையேல் எழுதியது தாளோடு போய்விடும்.

இறையழைத்தல் பற்றிப் பேசும்போது, 'யார் சாமியாராகப் போகிறீர்கள்?' என்று எல்லார் முன்னும் கேட்கவே கூடாது. ஆசிரியரை மகிழ்விக்கக் கை தூக்கும் பிள்ளையும் உண்டு, உள்ளதைச் சொல்லக் கூசும் பிள்ளையும் உண்டு. 'கடவுள் உனக்கு எந்தத் திறமை கொடுத்திருக்கிறார், அது யாருக்குத் தேவைப்படுகிறது?' என்ற கேள்வி எவரையும் மாட்டிவிடாது. மதிப்பெண் போட்டு வினாடி வினா நடத்துவதும் வேண்டாம். தேதிகள் மட்டுமே மனதில் நிற்கும்.

திருத்த வேண்டியவை சில. திருத்தூதர் தோமாவுக்கு டிசம்பர் 21 என்று பழைய தேதி அச்சாகியிருக்கிறது. இன்றைய ரோமை நாட்காட்டியில் ஜூலை 3. கார்லோ அக்குத்திஸ் இந்தத் தொகுப்பில் இன்னும் அருளாளர்தான் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி). அவர் 2025 செப்டம்பர் 7இல் புனிதராக அறிவிக்கப்பட்டுவிட்டார். ஜார்ஜின் பறவைநாகக் கதை வரலாறு போலவே எழுதப்பட்டுள்ளது, மரபுக்கதை என்று சொல்லிக்கொடுங்கள். லாரன்ஸ் நெருப்பில் வாட்டப்படும் படத்தைச் சின்னப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டாம்.

தாள் மெல்லியது, முனை சீக்கிரம் மடங்கும், லேமினேட் செய்துவிடுங்கள். எழுத்தின் அளவும் நடையும் 9 முதல் 12 வயதுக்குப் பொருந்தும். அதற்குக் கீழே ஆசிரியர் வாசித்துக் காட்ட வேண்டும். 13 வயதுக்கு மேல் அட்டை போதாது. பிரான்சிஸ் சவேரியார் போன்றோர் எழுதிய கடிதங்களையே கையில் கொடுக்கலாம்.