ஒரே ராத்திரியில் 1,47,040 ரூபாய்: ஆபீஸில் ஐ.பி. போன் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படிக்கவும்

போன சனிக்கிழமை இரவு 11:41-லிருந்து ஞாயிறு காலை 5:52 வரைக்கும், பூட்டிக் கிடந்த எங்கள் கீழக்கரை ஆபீஸின் ஐ.பி. போன் (இன்டர்நெட் வழியாகப் பேசுகிற போன்) சர்வரிலிருந்து யாரோ திருட்டுத்தனமாக 62 வெளிநாட்டு அழைப்புகள் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 3,665 நிமிடம். நிமிடத்துக்குச் சராசரி 34 ரூபாய், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 1,47,040 ரூபாய். உம்ரா, வளைகுடா டிக்கெட் போடுகிற சின்ன டிராவல்ஸ் இது. ஒரு மாத வாடகை, சம்பளம் எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது.

நிறுவிக்கொடுத்த கடையின் பேரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சி.சி.டி.வி., கைரேகை மெஷின், ஐ.பி. போன் மூன்றையும் ஒரே பேக்கேஜாக விற்கிற வகைக் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஜில்லாவில் அப்படி நிறைய இருக்கிறது.

கீழக்கரை, ராமநாதபுரம், தொண்டி என்று மூன்று கிளை, 14 எக்ஸ்டென்ஷன் (ஆபீஸுக்குள் ஒவ்வொரு போனுக்கும் உள்ள எண்), 10 சேனல் உள்ள ஒரு எஸ்.ஐ.பி. ட்ரங்க் (நெட் வழியாக வெளி அழைப்புகளைக் கொண்டுபோகிற லைன், ஒரு சேனலுக்கு ஒரு அழைப்பு). நிறுவலுக்கு 65,000, வருஷப் பராமரிப்புக்கு 18,000. கடைசி நாள் டெமோ காட்டினார்கள். வந்த ஆள் கவுண்டர் போனை ஸ்பீக்கரில் போட்டு, துபாயில் இருக்கும் முதலாளியின் மச்சானைக் கூப்பிட்டார். மூன்றாவது மணியில் எடுத்தார். குரல் அடுத்த ரூமிலிருந்து பேசுவது மாதிரி இருந்தது. கவுண்டரில் நின்ற கஸ்டமர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வந்தவர் சிரித்துக்கொண்டே, “எந்த நாட்டுக்கும் போகும் பாய். எதையும் தடுக்கலை, எல்லா ரூட்டையும் தொறந்து விட்டுட்டேன்” என்றார். முதலாளி அவருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அவர் பெருமையாகச் சொன்ன அந்தத் திறந்துவிட்ட ரூட் வழியாகத்தான் 1,47,040 ரூபாயும் வெளியே போனது.

அட்மின் பாஸ்வேர்டு கேட்டோம். “நீங்க எதையாச்சும் தொட்டுட்டா வாரண்டி போயிரும் பாய், நாங்க பாத்துக்கிறோம்” என்றார். சரி, பராமரிப்புக்குத்தான் காசு கொடுக்கிறோமே என்று விட்டோம். புத்தி கெட்டது அங்கேதான்.

ஞாயிறு சுபுஹுத் தொழுகை முடிந்து, மதுரை ஏர்போர்ட் போகிற ஒரு கஸ்டமருக்காகக் கவுண்டர் பையன் சீக்கிரம் கடை திறந்தான். போனை எடுத்தால் வெளியே போகவில்லை, “எல்லா லைனும் பிஸி” என்று பதிவுக் குரல். போனின் பக்கவாட்டில் உள்ள லைன் விளக்கு பத்தும் சிவப்பு. “காக்கா, ஆபீஸ்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன், எல்லா லைட்டும் எரியுது” என்று மொபைலில் கூப்பிட்டான். சர்வரின் லேன் கேபிளைப் பிடுங்கச் சொன்னோம். மணி 5:52.

திங்கள்கிழமை சண்டை போட்டு அட்மின் பாஸ்வேர்டை வாங்கி, சர்வர் எழுதிவைக்கிற பதிவான லாக்கைத் திறந்தோம். அதில் இருந்தது இதுதான்.

எக்ஸ்டென்ஷன் 110. கார் ஷெட் வாட்ச்மேனுக்கென்று உருவாக்கி, போன் வாங்காமலே விட்ட எண். அதன் பாஸ்வேர்டு 110110. ஐ.பி. போன்கள் உள்ளே வருகிற வாசலான சர்வரின் 5060 போர்ட் உலகத்துக்கே திறந்திருந்தது. அந்தப் போர்ட்டைத் தேடி அலைகிற ஸ்கேனர் நிரல்கள் இன்டர்நெட்டில் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகின்றன. திறந்திருப்பது தெரிந்ததும் 100, 101, 102 என்று எக்ஸ்டென்ஷன்களை வரிசையாகத் தட்டி, ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும். நான்கு நாள் முழுக்க “தவறான பாஸ்வேர்டு” என்று ஆயிரக்கணக்கான வரி லாக்கில் கிடக்கிறது. நாலைந்து தடவை தப்பாகப் போட்டால் அந்த ஐ.பி.யைத் தடுக்கிற ஃபெயில்2பேன் போன்ற நிரல் இலவசம், போட அரை மணி நேரம் ஆகும். போடவில்லை. லாக்கைப் பார்க்கவும் ஆள் இல்லை. 18,000 எதற்கு வாங்கினார்கள் என்று இன்னும் புரியவில்லை.

பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து 110 ஆகப் பதிவு செய்தபின் திருடர்களுக்கு வேண்டியது வெளியே போகும் வழி. எந்த எண் வெளியே போகலாம் என்று முடிவு செய்கிற அவுட்பவுண்ட் ரூட்டில் எழுதியிருந்த பேட்டர்ன்: எக்ஸ், அடுத்து ஒரு புள்ளி. எக்ஸ் என்றால் 0 முதல் 9 வரை ஏதாவது ஒரு எண். புள்ளி என்றால் அதற்குப்பின் என்ன வந்தாலும், எத்தனை வந்தாலும் சரி. ஒரே வரியில் உள்ளூர், எஸ்.டி.டி., மொபைல், ஐ.எஸ்.டி. எல்லாம் ட்ரங்குக்குப் போய்விடும். நிறுவுகிறவனுக்கு இது ரொம்ப சௌகரியம், “நம்பர் போகலை” என்று ஒருத்தனும் போன் பண்ண மாட்டான்.

போன எண்கள் 252 (சோமாலியா), 371 (லாட்வியா), 882 (எந்த நாட்டுக்கும் சேராத சர்வதேச எண்) என்று ஆரம்பிக்கின்றன. எங்களுக்கு அங்கே ஒரு ஈ காக்காகூடக் கிடையாது. இந்தத் திருட்டில் யாரும் பேசுவதில்லை. அதிகக் கட்டணம் உள்ள ஒரு எண்ணுக்கு அழைப்பை அனுப்புவார்கள், அங்கே ஒரு மெஷின் அதை எடுத்துவைத்துக்கொண்டு நிமிடத்தை ஓட்டும். வந்து சேரும் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த எண்ணை வாடகைக்கு எடுத்தவனுக்கு. அதனால்தான் 62 அழைப்பில் பெரும்பாலானவை 59, 60 நிமிடம். பத்து சேனலும் நிரம்பியபடியே ஓடியிருக்கின்றன. சனி ராத்திரியைத் தேர்ந்தெடுத்ததும் தற்செயல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் சி.டி.ஆர். (அழைப்புப் பட்டியல்) பார்க்க மாட்டார்கள்.

மூன்றே மூன்று கட்டுப்பாடுகளை நிரப்பியிருந்தால் இந்த நஷ்டம் வந்திருக்காது. ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு ஒரே நேரத்தில் 2 அழைப்பு. ஐ.எஸ்.டி.க்கு 30 நிமிட உச்சவரம்பு. இரவு 9 முதல் காலை 9 வரை ஐ.எஸ்.டி. ரூட் மூடல். மூன்றும் அந்த சாப்ட்வேரிலேயே இருக்கிறது, காலியாக விட்டிருக்கிறார்கள். இதைவிட வயிறு எரிவது ட்ரங்க் விண்ணப்பம். அதில் ஐ.எஸ்.டி. மாத வரம்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. படிவத்தை நிரப்பினது நிறுவின கடை. கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

இப்போது சாக்குகளைக் கேளுங்கள். ஞாயிறு: “சார் ஊர்ல இல்லை.” திங்கள்: “உங்க ஸ்டாஃப் யாரோ பாஸ்வேர்டை லீக் பண்ணிட்டாங்க.” வாட்ச்மேன் எண்ணுக்கு ஸ்டாஃபே கிடையாது என்றதும், “அப்ப வைரஸா இருக்கும், சர்வரை பார்மேட் பண்ணித் தர்றோம்” என்றார்கள். பார்மேட் பண்ணினால் லாக் போய்விடும், ஆதாரமும் போய்விடும். எந்த நிலையிலும் அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். செவ்வாய்: வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு, பதில் இல்லை. ட்ரங்க் கொடுத்த கம்பெனி வேறு மாதிரி. கஸ்டமர் கேரில் நாலு பேர் மாறி மாறி ஒரே வாக்கியத்தை வாசித்தார்கள்: “அழைப்பு உங்க ஐ.பி.யிலிருந்துதான் வந்திருக்கு, பில்லைக் கட்டிட்டுப் புகார் கொடுங்க.” 1,47,040 ரூபாயைக் கட்டிவிட்டு அப்புறம் என்ன புகார் கொடுப்பது?

அந்தக் கடை இப்படிச் சாக்குச் சொல்வது இது முதல் தடவையும் இல்லை. இரண்டு மாதமாகக் காலை 11 மணிவாக்கில் குரல் வெட்டி வெட்டி வந்தது. “கடல் காத்து பாய், கேபிள் முனை துருப்பிடிச்சிருக்கும்” என்றார்கள். இந்தக் கரையில் அது நடக்கிறதுதான். மாதம் ஒருமுறை கழற்றிப் பார்த்தால் பச்சை படிந்திருக்கும். ஆனால் கேபிள் கோளாறு என்றால் நெட்வொர்க் ஸ்விட்ச்சின் போர்ட்டில் எரர் எண்ணிக்கை ஏறும். எங்களுக்கு அது பூஜ்யம். அடுத்து, “நெட் பிளானை ஏத்துங்க” என்று 6,500 வாங்கினார்கள். டவுன்லோட் ஏறியது, அப்லோட் பழையபடி 20 எம்.பி.தான். குரல் அப்படியே வெட்டியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை டேட்டாவாக மாற்றும் முறை) ஒரு அழைப்பு விநாடிக்கு 50 பாக்கெட் (டேட்டாத் துண்டு), தலைப்புகளோடு சுமார் 87 கிலோபிட், ஒரு பக்கத்துக்கு. பத்து அழைப்பும் சேர்ந்தால்கூட 1 எம்.பி. வராது. பிரச்சினை நெட்டின் அகலத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. 11 மணிக்குத்தான் ஒரு குரூப்பின் பாஸ்போர்ட் ஸ்கேன் எல்லாம் விசா தளத்துக்கு ஏறும். அப்லோட் நிரம்பி, குரல் பாக்கெட் அந்த பி.டி.எஃப்.களுக்குப் பின்னால் நிற்கும். நேரம் தப்பி வந்த குரல் பாக்கெட்டைப் போன் தூக்கி எறிந்துவிடும், நமக்கு அது வெட்டாகக் கேட்கும். வைத்தியம்: ரவுட்டரில் அப்லோடை 18 எம்.பி.க்கு நாமே கட்டிப்போட வேண்டும். அப்போதுதான் வரிசை நம் ரவுட்டரில் நிற்கும், நெட்காரன் பெட்டியில் நிற்காது. பிறகு டி.எஸ்.சி.பி. 46 என்ற முன்னுரிமை முத்திரை உள்ள குரல் பாக்கெட்டை முதல் வரிசையில் விட வேண்டும். ரவுட்டரைத் தாண்டினால் அந்த முத்திரையைப் பொது இன்டர்நெட்டில் யாரும் மதிக்கப்போவதில்லை, ஆனால் நெரிசல் நம் வாசலில்தானே. செவ்வாய் ராத்திரி நாங்களே செய்தோம், இருபது நிமிடம். வெட்டு நின்றுவிட்டது. 6,500 போனது போனதுதான்.

தொண்டிக் கிளைக்கு 4ஜி மட்டும்தான். அங்கே குறைந்த நெட்டில் ஓடுகிற ஜி.729 கோடெக் போட்டு 3 அழைப்போடு நிறுத்தியிருக்கிறோம். நாலாவது ஆளுக்கு பிஸி டோன் போகட்டும். அவனையும் உள்ளே விட்டால் நாலு பேருக்கும் கேட்காது. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் அழைப்பு மொபைலுக்குப் போகும்படி கேட்டிருந்தோம், நேர விதியில் ஞாயிற்றுக்கிழமையைப் போட்டுவைத்திருந்தார்கள். சொல்லிக்கொண்டே போகலாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: வந்த அழைப்பை மொபைலுக்குத் திருப்பினால் ட்ரங்கில் இரண்டு சேனல் போகும். பத்து சேனல் அப்போது ஐந்துதான்.

விரிவாகப் படிப்படியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாக இவை:

அட்மின் பாஸ்வேர்டு உங்கள் கையில் இல்லாத சர்வருக்குக் கடைசித் தவணை கொடுக்காதீர்கள்.

5060 போர்ட்டை ட்ரங்க் கம்பெனியின் ஐ.பி.க்கு மட்டும் திறங்கள். கிளைகள் வி.பி.என். (பூட்டிய தனி இணைப்பு) வழியாக வரட்டும். போர்ட் எண்ணை மாற்றினால் போதும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரூட்டைத் தனித்தனியாகப் பிரித்துப் போடுங்கள். மொபைலுக்கு 6 முதல் 9-ல் ஆரம்பிக்கும் பத்து இலக்கம் மட்டும். ஐ.எஸ்.டி.க்கு 971, 966, 974, 965 என்று உங்களுக்கு வேண்டிய நாடு மட்டும், அதுவும் ரகசிய பின் (PIN) நம்பரோடு. போன் இல்லாத எக்ஸ்டென்ஷனை அழித்துவிடுங்கள்.

ட்ரங்க் கம்பெனியிடம் ஐ.எஸ்.டி. மாத வரம்பை எழுத்தில் வாங்குங்கள்.

நடந்துவிட்டால் முதலில் கேபிளைப் பிடுங்குங்கள், லாக்கையும் சி.டி.ஆரையும் பென் டிரைவில் எடுங்கள், உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். நிறுவின கடை மேல் நுகர்வோர் புகாருக்கு 1915. நாங்கள் இரண்டும் கொடுத்தாயிற்று, இரண்டிலும் இதுவரை கிடைத்தது ஒரு புகார் நம்பர்தான்.

ட்ரங்க் கம்பெனியிலிருந்து மறுபடி கூப்பிடுகிறார்கள். 1,47,040-ஐத் தவணையாகக் கட்டலாம் என்று சொல்லப்போகிறார்களாம். எடுத்துப் பேசிவிட்டு வருகிறேன்.