சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை ஒரே தட்டு

2002-இல் பாட்டுக் கேட்கும் கருவி வாங்கக் கிளம்பியபோது மூன்று வகைகள் என் முன் இருந்தன. நினைவகச் சில்லு வைத்த சிறியது, வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) வைத்த கனமானது, பாட்டைச் சுருக்கி வைக்கும் எம்.பி.3 கோப்புகள் எழுதிய சி.டி.யை வாசிப்பது. நான் மூன்றாவதை வாங்கினேன், கைக்கு ஒன்றும் காருக்கு ஒன்றும். இன்றைக்குத் திரும்ப வாங்கச் சொன்னாலும் அந்தக் காலத்துக்கு அதையே வாங்குவேன்.

சில்லுக் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1998-இல் கொரியாவிலிருந்து எம்பிமேன் வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் டைமண்ட் நிறுவனத்தின் ரியோ பிஎம்பி300 வந்தது. ரியோவின் நினைவகம் 32 எம்.பி. (மெகாபைட்). வழக்கமான, வினாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்.பி. பிடிக்கும், அப்படியானால் அரை மணி நேரம், நம் திரைப்பாடல்களில் ஆறோ ஏழோ. அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் இதைத் தடுக்க வழக்குப் போட்டு, 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. பின்னால் வந்த கருவிகள் எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவிட்ட கருவி என்ற மரியாதை ரியோவுக்கு என்றும் உண்டு. காலையில் ஓடப் போகிறவருக்கு இதுதான் பொருத்தம், உள்ளே சுழல்வது எதுவும் இல்லை. எனக்கோ ஊருக்குப் போகும் வழியெல்லாம் பாட்டு வேண்டும்.

வன்தட்டு வகையை நான் மனதார விரும்பினேன். 1999-இல் வந்த பிஜேபி-100-இல் 4.8 ஜி.பி., 2000-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் வெளியிட்ட நோமாட் ஜூக்பாக்ஸில் 6 ஜி.பி. நூறு மணி நேரப் பாட்டு ஒரே பெட்டிக்குள்! 2001 அக்டோபரில் ஐபாட் 5 ஜி.பி.யுடன் 399 டாலருக்கு வந்தது. தொடக்கத்தில் அது மேக் கணினியோடு மட்டுமே ஒத்துப்போனது. மற்றவற்றில் பெரும்பாலானவை பழைய யு.எஸ்.பி. 1.1 வழியாகவே பாட்டை ஏற்றிக்கொண்டன. அந்த வேகத்தில் 6 ஜி.பி.யை நிரப்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனரின் வன்தட்டுக் கருவி ஒன்றை இரண்டு வாரம் வைத்திருந்தேன். இந்த வகையில் என் அனுபவம் அவ்வளவுதான். ஆகவே நீண்டகாலப் பயன்பாடு பற்றி என் சொல்லை இறுதியாகக் கொள்ள வேண்டாம்.

காருக்கென்றே வன்தட்டோடு வந்தது இங்கிலாந்தின் எம்பெக். 1999-இல் லினக்ஸில் ஓடிய கருவி, மடிக்கணினி வன்தட்டு இரண்டு வரை பொருத்தலாம், டேஷ்போர்டிலிருந்து உருவி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணினியில் மாட்டலாம். படத்தில் பார்த்ததோடு சரி. பார்த்தபோது ஏங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி நான் வாங்கியது. கைக்கருவி ரியோ வோல்ட் எஸ்பி250. ரியோ பெயரில் வந்தாலும் கொரியாவின் ஐரிவர் தயாரித்தது. அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் கொண்டுவந்தார். காருக்கு, கேசட் இருந்த இடத்திலேயே உட்காரும் எம்.பி.3 சி.டி. டெக். ஒரு 700 எம்.பி. தட்டில் 128 கிலோபிட் தரத்தில் பன்னிரண்டரை மணி நேரப் பாட்டு கொள்ளும், ஏறத்தாழ 150 பாடல்கள். நான்கு வழிச் சாலை முழுமையாக வராத அந்த நாட்களில் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போக எனக்கு ஆன நேரமும் அதுவே. தாம்பரம் தாண்டும்போது போட்ட தட்டைத் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை வந்துதான் வெளியே எடுப்பேன்.

குலுங்கினால் பாட்டு அறுந்துபோகும் என்று பலர் பயமுறுத்தினார்கள். சாதாரண இசை சி.டி.யில் அது உண்மை. எம்.பி.3 கோப்பு அதில் பதினொன்றில் ஒரு பங்கு இடமே பிடிப்பதால், பாட்டை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளும் அதே இடைநினைவகம் (பஃபர்) பல மடங்கு நேரம் தாங்குகிறது. 8 எம்.பி. இடைநினைவகத்தில் எட்டு நிமிடப் பாட்டு முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிடும். தட்டு சற்று நேரம் சுழலும், பிறகு நின்றுவிடும், மின்கலமும் மிச்சம். ரியோ வோல்ட்டின் உள்மென்பொருளைப் புதுப்பிக்கவும் ஒரு சி.டி. எழுதிப் போட்டால் போதும்.

ஆனால் இவற்றுக்காக மட்டும் நான் அதை வாங்கவில்லை. பாட்டு கருவிக்குள் அடைபடவில்லை என்பதே என் காரணம். சில்லுக் கருவியோ வன்தட்டுக் கருவியோ நின்றுபோனால் அதிலிருக்கும் பாட்டும் அதோடு நின்றுபோகிறது. மைத்துனரின் கருவி அப்படித்தான் போனது. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஒரு பகல் கிடந்தது. அதன் பிறகு வன்தட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பாடல்கள். கணினியில் இடம் போதாமல் அங்கிருந்தவற்றை முன்பே அழித்துவிட்டிருந்தார். அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை.

என் பாடல்களோ பத்துப் பதினைந்து ரூபாய்த் தட்டுகளில் இருந்தன. கைக்கருவியில் கேட்ட தட்டையே காரில் போட்டேன். ஊரில் அம்மா வீட்டு வி.சி.டி. பிளேயரிலும் அதுவே பாடியது. "மாப்பிள்ளை, இதே போல எனக்கும் ஒன்று போட்டுத் தாருங்கள்" என்று மாமா கேட்டபோது இன்னொரு வெற்றுத் தட்டும் பத்து நிமிடமும்தான் செலவு. ஒன்று கீறிப்போனால் அந்த ஒன்றுதான் போகும். கருவி பழுதானால் வேறொரு நிறுவனத்தின் கருவியை வாங்கி அதே தட்டைப் போடலாம். எந்தத் தனி மென்பொருளும் குறுக்கே நிற்காது. பராமரிப்பு என்று பார்த்தால் இதற்கு இணையாக அன்று வேறெதுவும் இல்லை.

குறைகளும் உண்டு. எழுதி முடித்த தட்டைக் கணினியிலேயே 'மூடாமல்' (ஃபைனலைஸ் செய்யாமல்) விட்டால் சில டெக்குகள் வாசிக்க மறுக்கும். பாடல் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டியிருந்தது. 150 பாடல்களுக்குள் ஒன்றைத் தேடுவது ஓட்டுநரின் வேலையே இல்லை, பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுவிட வேண்டும். ஆண்டுவாரியாகக் கோப்புறைகள் பிரித்து எழுதினால் ஓரளவு சமாளிக்கலாம். முக்கியமாக, எழுதும் தட்டின் சாயத்துக்கு வெயில் ஆகாது. கார்க் கண்ணாடிக்குக் கீழே வைக்கவே கூடாது.

சென்ற மாதம் 2003-இல் எழுதிய தட்டு ஒன்றை எடுத்துப் போட்டேன். சி.டி.யில் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளிப்பக்கமாக நகரும்; பல கைகள் பட்டு முதலில் தேய்வது வெளிவிளிம்புதான். தாம்பரம், விழுப்புரம், திருச்சி, மதுரை வரைக்குமான பாடல்கள் தெளிவாகப் பாடின. கோவில்பட்டி தாண்டிக் கயத்தாறு அருகே வழக்கமாக வரும் கடைசி நான்கு பாடல்கள் மட்டும் வரவில்லை.