பாட்டனில் வாங்கிய பச்சைத் தாரா: ஏழு வருஷத்துக்குப் பிறகு

பாட்டன் என்றதும் தாத்தாவை நினைக்க வேண்டாம். காத்மாண்டுவில் பாக்மதி ஆற்றைத் தாண்டினால் வரும் ஊர் அது. லலித்பூர் என்றும் சொல்வார்கள். நேவார் இனத்துச் சாக்கியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பௌத்தச் சிலைகள் வார்க்கும் இடம். 2018 அக்டோபரில் அங்கே எட்டு அங்குலத் தாரா சிலை ஒன்று வாங்கினேன். தாரா பௌத்தர்கள் வணங்கும் பெண் தெய்வம். 48,000 நேபாள ரூபாய், நம் காசில் 30,000. ஊருக்குக் கொண்டுவர, தொல்பொருள் இல்லை என்று அந்நாட்டுத் தொல்லியல் துறையின் சான்றும் வாங்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "பச்சைத் தாரான்னு சொன்னே, பச்சையையே காணோம்?" நியாயம்தான். சிலை முழுக்கத் தங்க நிறம். நிறத்தை உட்காரும் விதத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளைத் தாரா இரண்டு காலையும் மடக்கி உட்கார்ந்திருப்பாள். உள்ளங்கை, உள்ளங்கால், நெற்றி என்று கூடுதல் கண்கள் இருக்கும். பச்சைத் தாராவின் வலது கால் மட்டும் பீடத்திலிருந்து இறங்கி ஒரு சின்னத் தாமரை மேல் நிற்கும். கூப்பிட்டால் உடனே எழுந்து வரத் தயார் என்று அர்த்தம். கருணையின் வடிவான போதிசத்துவர் அவலோகிதேசுவரரின் கண்ணீரில் பிறந்தவள் என்பது கதை. இதைச் சொன்னதும் அம்மா குங்குமம் வைத்துவிட்டாள். அவளுக்கு இன்னொரு அம்மன்.

வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. மெழுகில் உருவம் செய்து, களிமண், சாணம், உமி பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிச் செம்பை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை கிடைக்கும். சுவாமிமலையில் பார்த்தவர்களுக்கு இது பழகின விஷயம். அங்கே பெரும்பாலும் கனமாக வார்ப்பார்கள், பாட்டனில் உள்ளே பொள்ளலாக. உடம்பில் இருக்கும் முலாம் தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசித் தீயில் காட்டியது. சென்னையின் உப்புக் காற்றிலும் ஏழு வருஷமாக மங்கவில்லை. ஆனால் அந்தப் பாதரசப் புகை பூசுகிறவரின் உடம்புக்கு விஷம். வாங்கிய பிறகுதான் அது தெரிந்தது. இன்னொரு முறை வாங்கினால் வெறும் செம்புச் சிலைதான் எடுப்பேன்.

முகத்துக்கு வேறு முறை. தங்கப் பொடியைப் பசையில் குழைத்துத் தூரிகையால் பூசி, அதன் மேல் கண்ணும் உதடும் எழுதுவார்கள். இது தண்ணீர் தாங்காது. கடையில் யாரும் சொல்லவில்லை. இரண்டாம் வருஷம் ஆயுத பூஜைக்கு அத்தை குத்துவிளக்கோடு சேர்த்துத் தாராவையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். உடம்பு அப்படியே மின்னியது. முகத்தில் மட்டும் கண்ணில்லை. அத்தை இரண்டு நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: மென்மையான காய்ந்த தூரிகை போதும், முகத்தைத் தொடவே வேண்டாம்.

கல் விஷயத்தில் ஏமாந்தேன். கிரீடத்திலிருந்து விழுந்த 'டர்க்காய்ஸ்' என்கிற நீலப்பச்சைக் கல் உடைந்த இடத்தில் வெள்ளையாக இருந்தது. சாயம்.

சிலைக்குள் இருக்கும் அந்தப் பொள்ளல் எதற்கு என்று கர்நாடகத்தின் திபெத்தியக் குடியிருப்பான பைலகுப்பேயில்தான் புரிந்தது. அங்கே ஒரு வயதான திபெத்தியப் பிக்கு சிலையைக் கவிழ்த்துப் பார்த்து, "காலியாக இருக்கிறதே" என்று வருத்தப்பட்டார், பட்டினி கிடக்கும் பிள்ளையைப் பார்த்தவர் போல. உள்ளே நடுவில் 'உயிர்மரம்' என்கிற குச்சி, அது மரத்தில் வளர்ந்த திசையிலேயே நிற்க வேண்டும். சுற்றிலும் மந்திரம் எழுதிய காகிதச் சுருள்கள், தானியம், வாசனைப் பொடி. எல்லாம் நிரப்பி அடியில் செப்புத் தகடு பொருத்தினார்கள். அதுவரை அது அலங்காரப் பொருள்தானாம். நான் பௌத்தன் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அதை ஒரு கையால் தூக்க மனசு வரவில்லை.

முகத்தைப் பாட்டனில் மறுபடி எழுதித் தருவார்களாம். கொண்டுபோகட்டுமா என்று போன மாதம் கேட்டேன்.

"வயித்துல அவ்வளவையும் வெச்சுக்கிட்டிருக்கா. அவ்வளவு தூரம் அலைக்கழிக்காதே" என்றாள் அம்மா.