கூட்டுக் குடியிருப்புக்கு வெப்சைட் போடுகிறவர்கள் கவனத்துக்கு

அம்பாசமுத்திரம் பக்கம் சேர்ந்து நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருக்கும் பதினொரு குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீடு அவரவருக்குத் தனி. சமையல்கூடம், கிணறு, பட்டறை எல்லாருக்கும் பொது. டென்மார்க்கில் 1970-களிலேயே இப்படிக் குடியிருப்புகள் வந்துவிட்டன. எங்களில் பாதிப் பேர் சென்னையிலும் துபாயிலும் இருப்பதால் கூட்டம், கணக்கு, ஓட்டெடுப்பு எல்லாமே ஆன்லைனில்தான் நடந்தாக வேண்டும்.

பாளையங்கோட்டையில் வெப்சைட் செய்து தரும் ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுத்தோம். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. "அண்ணாச்சி, உங்க ஆட்களுக்குன்னே தனி சாஃப்ட்வேர் எழுதித் தாரேன்" என்று சொல்லி எண்பதாயிரம் வாங்கினார்.

அவர் தந்தது வேர்ட்பிரஸ் என்ற ரெடிமேட் வெப்சைட் சாஃப்ட்வேர். பக்கத்தில் ரைட் கிளிக் செய்து 'வியூ பேஜ் சோர்ஸ்' போனால் வேர்ட்பிரஸின் அடையாளமான 'டபிள்யூபி-கன்டென்ட்' வரிக்கு வரி நிற்கிறது. வேர்ட்பிரஸ் நல்ல சாமான், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதை அமைத்துக் கொடுத்ததற்குக் கூலி கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்போம். தானே எழுதியதாகச் சொல்லிக் காசு வாங்கியது ஏமாற்று. ஓட்டெடுப்புக் கருவி என்று காட்டியது வெறும் கூகுள் ஃபார்ம். கிணறு எங்கே வெட்டுவது என்பதற்கு யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்ற விவரம் முழுக்க அவருடைய சொந்த ஜிமெயில் கணக்கில் கிடக்கிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த வருஷம் 'ரெனியூவல், மெயின்டனன்ஸ்' என்று நாற்பத்தைந்தாயிரத்துக்கு ஒரு பில் வந்தது. எது எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொன்னோம். சைட் நின்றது, மெயில் நின்றது. டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) விற்ற கம்பெனிக்கு எழுதினால், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் பேசுவோம் என்றார்கள். எங்கள் காசில் வாங்கிய டொமைனைத் தன் பெயரில் பதிந்திருக்கிறார்!

கூகுள் டிரைவும் அப்படியே. எல்லாக் கோப்புக்கும் 'ஓனர்' அவர். நாங்கள் வெறும் எடிட்டர். கூட்டக் குறிப்பு ஒவ்வொன்றையும் எங்கள் மதினி ராத்திரி உட்கார்ந்து அவர் திறந்து தந்த கோப்புகளில் டைப் செய்து வைத்திருந்தார்கள். ஷேரிங்கை அந்த ஆள் எடுத்துவிட்டதும் 'உங்களுக்கு அனுமதி தேவை' என்ற ஒரு வரிதான் திரையில். பட்டா நகல், ஆதார் நகல், இன்ஜினியர் போட்ட பிளான் எல்லாம் அந்தப் பக்கம். எனக்கு இன்னும் ஆறாதது இந்த ஆதார் நகல் விஷயம்தான்.

உங்கள் ஊரிலும் இப்படிச் சேர்ந்து கட்டுகிறீர்கள் என்றால், முதலில் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்கீழ் சங்கத்தைப் பதிந்து, டொமைனைச் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மெயிலில், சங்கத்தின் கார்டில் நீங்களே வாங்குங்கள். சாதாரணப் பெயருக்கு வருஷத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஏற்கெனவே வேறு யாராவது வாங்கித் தந்திருந்தால் டொமைன் யார் பெயரில் என்று தேடும் ஹூயிஸில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். 2018-க்கு அப்புறம் பெரும்பாலும் பெயரை மறைத்துத்தான் காட்டுகிறார்கள். டொமைன் கணக்கை உங்கள் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். வேறு கம்பெனிக்கு மாற்றத் தேவைப்படும் ஆத் கோடை உங்களாலேயே எடுக்க முடிகிறதா பாருங்கள். ஆவணங்களைச் சங்கத்தின் பெயரில் எடுத்த கூகுள் வொர்க்ஸ்பேஸ் (அமைப்புகளுக்கான கூகுள் கணக்கு) கணக்கில் 'ஷேர்டு டிரைவ்' போட்டு வையுங்கள். அங்கே கோப்பு சங்கத்துக்குச் சொந்தம், ஏற்றின ஆள் போனாலும் கோப்பு நிற்கும். அட்மினாக இரண்டு பேராவது வேண்டும், இரண்டு பேரும் குடியிருப்புக்காரர்களாக இருக்க வேண்டும்.

நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பில், வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ரசீது எல்லாம் கைவசம் இருந்ததால் புகார் எழுத வசதியாக இருந்தது.

எங்களுடன் நிலப் பேச்சில் இருந்தவர்களுக்கு ஒன்று: பழைய டொமைன் இன்னும் அந்த ஆள் கையில்தான் இருக்கிறது. அந்த முகவரியிலிருந்து பங்குத் தொகை கேட்டு மெயில் வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். எங்களில் யாருக்காவது போன் போட்டுக் கேளுங்கள்.