செல்டா எடுக்கலாமா என்று கேட்ட தோழிக்கு

ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி தரும் செல்டா என்ற சான்றிதழ் படிப்பை எடுக்கலாமா என்று ஒரு தோழி கேட்டிருந்தாள். குறைந்தது 120 மணி நேரப் படிப்பு, 4 எழுத்துப் பணிகள், 6 மணி நேரம் நிஜமான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் நடத்துவது, இதெல்லாம் அவளுக்கே தெரியும். அதனால் முடித்து இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கைகொடுக்கிற ஒன்றையும், இன்னும் ஆத்திரம் தீராத ஒன்றையும் மட்டும் சொல்கிறேன்.

கைகொடுப்பது, கான்செப்ட் செக்கிங் கேள்விகள், அதாவது சொன்னதன் பொருள் மாணவருக்குப் புரிந்ததா என்று சோதிக்கும் சின்னக் கேள்விகள். 'புரிந்ததா?' என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும். புரியாதவர்தான் முதலில் ஆட்டுவார். எங்கள் பயிற்சியாளர்கள் அந்தக் கேள்வியை ஏற்கவே மாட்டார்கள். 'ஷி மேனேஜ்ட் டு ஓபன் தி டோர்' (எப்படியோ சிரமப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்) என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தாளா? ஆமாம். சுலபமாகத் திறந்ததா? இல்லை. அவ்வளவுதான். இரண்டாவது கேள்விக்கு யாராவது 'ஆமாம்' என்றால், எந்த இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அந்த நொடியே தெரிந்துவிடும். எதைச் சோதிக்கிறோமோ அந்தச் சொல் கேள்விக்குள் வரக் கூடாது, பதில் ஓரிரு சொல்லில் முடிய வேண்டும். எழுதிப் பார்த்தால்தான் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இப்போதும் புது இலக்கணம் எடுக்கும் முன் இந்தக் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போகிறேன். இந்த ஒன்றுக்காகவே அந்தப் படிப்பைக் கொண்டாடலாம்.

பாடத்திட்டத் தாள்களை நிரப்பியே இரவுகள் போயின. அது சரி, போகட்டும்.

அப்புறம் ஆத்திரம். ஒரு பள்ளி விளம்பரத்தில் 'சான்றிதழ் பெற்ற ஆங்கில ஆசிரியர் தேவை' என்று இருந்தது. போனேன். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள், பாராட்டினார்கள், கடைசியில் 'கற்பித்தல் உரிமம் இல்லையே' என்று அனுப்பிவிட்டார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான். செல்டா என்பது கேம்பிரிட்ஜ் தரும் தகுதிச் சான்று, அரசு தரும் உரிமம் அல்ல. அமெரிக்காவின் அரசுப் பள்ளிகளுக்கு அந்தந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும். பொதுவாக இளங்கலைப் பட்டம், அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் பயிற்சி, பின்னணிச் சோதனை, பல மாநிலங்களில் ப்ராக்சிஸ் என்ற ஆசிரியர் தேர்வு என்று தனிப் பாதை அது. இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகள் பலவற்றில் க்யூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதி நிலையைக் கேட்பார்கள். செல்டாவுக்குக் காலாவதி கிடையாது என்பது நல்ல விஷயம்தான், ஆனால் அது இந்தக் கதவுகளைத் திறக்காது. நான் படித்த மையம் 'உலகெங்கும் கற்பிக்கலாம்' என்றுதான் சொல்லிச் சேர்த்தது. கட்டணம் வாங்கும் முன் இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மொழிப் பள்ளிகளில், பெரியவர்களுக்கான வகுப்புகளில் செல்டாவுக்கு நல்ல மதிப்பு உண்டு. என் வேலையே அதனால் வந்ததுதான். வகுப்பில் நிற்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். இருந்தும் தோழியிடம் 'இப்போது வேண்டாம்' என்றுதான் சொன்னேன். அவள் போக நினைப்பது அரசுப் பள்ளிக்கு. அந்த ஊர்க் கல்வித் துறையின் உரிம விதிகளில் செல்டா என்ற பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று முதலில் பார், அப்புறம் பேசலாம் என்று எழுதியிருக்கிறேன்.