கனடாவில் கனிமம் தேடும் சின்ன கம்பெனி: ஃப்ளோ-த்ரூ பங்கா, சாதாரணப் பங்கா?

துளையிடப் பணம் வேண்டும், வருமானமோ இல்லை. லாபமே பார்க்காத கம்பெனிக்கு வரிச் சலுகையால் என்ன பயன்? ஃப்ளோ-த்ரூ என்ற பங்கு வகையில், தேடல் செலவுக்கான அந்தச் சலுகையைப் பங்கு வாங்கும் முதலீட்டாளருக்குக் கைமாற்றிவிடலாம்.

விலை
ஃப்ளோ-த்ரூ: சந்தை விலைக்கு மேலேயே விற்க முடியும். வாங்குபவர் தேடல் செலவைத் தன் வருமானத்தில் முழுசாகக் கழித்துக்கொள்கிறார், அதோடு தனிநபர் என்றால் தங்கத்துக்கு 15%, 2022 மாற்றத்துக்குப் பிறகு லித்தியம், நிக்கல், செம்பு போன்றவற்றுக்கு 30% மத்திய வரிக்கழிவும் (கட்ட வேண்டிய வரியிலேயே நேரடியாகக் குறைவது) உண்டு.
சாதாரணம்: பெரும்பாலும் தள்ளுபடி விலைதான்.

செலவழிக்கும் சுதந்திரம்
ஃப்ளோ-த்ரூ: துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளைப் பெட்டியில் அடுக்கி ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அலுவலக வாடகை கட்ட முடியாது. பெரும்பாலும் ஒப்பந்தம் போட்டதற்கு அடுத்த ஆண்டு டிசம்பருக்குள் செலவழித்தாக வேண்டும்.
சாதாரணம்: கெடு இல்லை.

சுலபம்
30% வரிக்கழிவு வேண்டுமென்றால் தகுதிபெற்ற பொறியாளரோ புவியியலாளரோ சான்று தர வேண்டும். சாதாரணப் பங்குக்கு இந்த வேலை இல்லை.

சரி, எது யாருக்கு? கனடாவில் செம்பு நிலம் கையில் இருந்து, கோடையில் துளையிடத் தயார் என்றால் தயங்காமல் ஃப்ளோ-த்ரூ. ஆனால் 30% வரிக்கழிவு 2027 மார்ச் 31 வரையிலான ஒப்பந்தங்களுக்குத்தான். நிலம் வெளிநாட்டில் என்றாலோ, சம்பளமும் வாடகையும் நிலுவையில் நின்றாலோ, விலை குறைந்தாலும் சாதாரணப் பங்குதான் காப்பாற்றும்.