மலிவான டிக்கெட்டா, மாற்ற முடிந்த டிக்கெட்டா?

ஊருக்குப் போவது என்று முடிவானதும் நாலு தளங்களைத் திறந்து, எதில் விலை குறைவு என்று பார்க்கிறோம். பார்க்க வேண்டியதுதான். ஆனால் திரையில் தெரிவது பாதி விலை. தேதி மாறினால் என்ன பிடிப்பார்கள், ஒருவர் வர முடியாமல் போனால் எவ்வளவு திரும்பும், பெட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா என்பதெல்லாம் மீதிப் பாதி. இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் எது மலிவு என்று சொல்ல முடியாது. நான் அப்படிக் கூட்டிப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

விமான நிறுவனத்திடமே வாங்குவதா, ஏஜென்ட் தளத்தில் வாங்குவதா?

தேடுவது வேறு, வாங்குவது வேறு. கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர், கயாக் போன்றவை முக்கியமாகத் தேடித் தருபவை. எந்த நாளில் விலை இறங்குகிறது என்பதைக் காலண்டர் போலக் காட்டும். விலை மாறினால் மெயில் அனுப்பும். தேடலுக்கு இவையே போதும். ஆனால் வாங்கும் பொத்தானை அழுத்தும்போது, அது எந்தக் கடைக்குக் கொண்டுபோகிறது என்று பாருங்கள். பட்டியலில் முதலில் நிற்கும் மிகக் குறைந்த விலை, பல நேரம் நாம் பெயரே கேள்விப்படாத ஒரு ஏஜென்ட் தளத்துடையதாக இருக்கும்.

நானும் ஒருமுறை அப்படி ஒரு தளத்தில் வாங்கினேன். வித்தியாசம் நூற்றுக்கு நாலுதான். பயணத்துக்கு மூன்று நாள் முன்னால் அம்மாவுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. விமான நிறுவனத்துக்குப் போன் செய்தால், "ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட், அவர்கள்தான் மாற்ற வேண்டும்" என்றார்கள். ஏஜென்ட்டின் எண்ணில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் பேசியவர், விமான நிறுவனத்தின் கட்டணத்துக்கு மேல் தங்கள் சேவைக் கட்டணம் என்று இன்னொன்றைச் சேர்த்தார். மிச்சம் பிடித்த நாலு, பல மடங்காகக் கையைவிட்டுப் போனது.

அதனால் என் கணக்கு இதுதான். வித்தியாசம் நூற்றுக்கு ஐந்துக்குள் என்றால் விமான நிறுவனத்திடமே வாங்குவேன். அதற்கு மேல் என்றால், தேதி மாறவே மாறாத பயணத்துக்கு மட்டும் ஏஜென்ட் தளம்.

பத்துத் தளங்களைப் பார்த்துவிட்டேன் என்று நிம்மதி அடைய வேண்டாம். புக்கிங்.காம், அகோடா, பிரைஸ்லைன், கயாக் நான்கும் ஒரே குழுமத்தின் கையில். எக்ஸ்பீடியா, ஹோட்டல்ஸ்.காம், ஆர்பிட்ஸ் இன்னொரு குழுமம்.

எல்லோருக்கும் சேர்த்தா, பிரித்தா?

குடும்பமாகப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். விமானத்தில் ஒரே மாதிரி இருக்கை என்றாலும், விற்பது பல விலைப் படிகளில். மலிவான படியில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்குத் தேடினால், நாலுமே கிடைக்கிற அடுத்த படியின் விலையைத்தான் பெரும்பாலும் தளம் நாலு பேருக்கும் காட்டும். ஒருவருக்கு என்று தேடினால் பழைய மலிவு விலை தெரியும். எனவே முதலில் ஒருவருக்கு, பிறகு எல்லோருக்கும் தேடுங்கள். தலைக்கு விலை மாறினால் மூன்றும் ஒன்றுமாகப் பிரித்து எடுக்கலாம். இதில் ஒரு குறை உண்டு. இரண்டு தனித்தனி புக்கிங் என்பதால், விமானம் ரத்தானால் உங்களை வெவ்வேறு விமானத்தில் போட்டுவிடலாம். குழந்தையை எந்தக் காரணத்துக்காகவும் தனி புக்கிங்கில் விடாதீர்கள்.

பிரவுசரின் ரகசிய விண்டோவில் (இன்காக்னிட்டோ) தேடினால் விலை குறையும் என்று பலர் சொல்கிறார்கள். அதற்கு மெனக்கெட வேண்டாம். நாம் பார்த்ததால் விலை ஏறுவதில்லை, மலிவான படி விற்றுத் தீர்ந்ததால்தான் பெரும்பாலும் ஏறுகிறது.

ஒரே டிக்கெட்டா, துண்டு டிக்கெட்டுகளா?

நடுவில் விமானம் மாறும் பயணத்தில், இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக வாங்கினால் சில நேரம் நன்றாகவே குறையும். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பில்லை. புது டிக்கெட் உங்கள் செலவு. ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. துண்டு டிக்கெட்டில் பெரும்பாலும் பெட்டியையும் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு வெளியே வர அந்த நாட்டு விசா தேவைப்படலாம். நடுவில் ஓர் இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் துண்டு டிக்கெட் எனக்குச் சம்மதம்.

ஒரு விஷயத்தில் மட்டும் துண்டு ஜெயிக்கும். போக வர ஒரே டிக்கெட்டாக எடுத்து, போகும் விமானத்தில் ஏறாமல் விட்டால், திரும்பும் டிக்கெட்டையும் பெரும்பாலான நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். போகும் வழி உறுதியில்லை என்றால் இரண்டு ஒருவழி டிக்கெட்டுகள் நல்லது.

ஹோட்டல்: பணம் திரும்பாத ரூமா, ரத்து செய்யக்கூடியதா?

அதிகம் மிச்சம் பிடிக்க முடிவது இங்கேதான். ரத்து செய்யக்கூடிய ரூம் 100, பணம் திரும்பாதது 90 என்று வையுங்கள். பயணம் நின்றுபோகும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால், அந்த 90 விலை ரூம்தான் நமக்கு நஷ்டம். இரண்டு மாதம் கழித்துப் போகும் பயணத்தை அவ்வளவு உறுதியாக யாரால் சொல்ல முடியும்? அதோடு, ரத்து செய்யக்கூடிய ரூமுக்கு இன்னொரு பலன் இருக்கிறது. புக் செய்துவிட்டு, வாரம் ஒருமுறை அதே ஹோட்டலை அதே தேதிக்குத் தேடுங்கள். விலை இறங்கியிருந்தால் புதிதாக புக் செய்து, உறுதியானதும் பழையதை ரத்து செய்யுங்கள். எனக்கு இது பலமுறை பலித்திருக்கிறது. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மட்டும் திரும்பாத விலையைத் தொடுவேன்.

தளமா, ஹோட்டலிடமே கேட்பதா என்றால், விலையைத் தளத்தில் பார்த்துவிட்டு ஹோட்டலுக்கு ஒரு மெயில் போடுவேன். தளங்களுக்கு ஹோட்டல்கள் கொடுக்கும் கமிஷன் நூற்றுக்குப் பதினைந்தை ஒட்டி இருப்பது சகஜம். அதில் கொஞ்சத்தை நமக்கு விட்டுக்கொடுக்க, சிறிய ஹோட்டல்கள் பெரும்பாலும் தயார். விலையைக் குறைக்காவிட்டாலும் காலை உணவையோ தாமதமாக ரூம் காலி செய்வதையோ சேர்ப்பார்கள். பெரிய சங்கிலி ஹோட்டல்களில், வெளித் தளத்தில் எடுத்த ரூமுக்கு உறுப்பினர் புள்ளிகள் பொதுவாகக் கிடைப்பதில்லை.

ஹோட்டலில் கார்டு தேய்க்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டலாமா?" என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்கள் வங்கியுடையதைவிட மோசம்.

இலவச ரத்துக்கான கடைசி நேரம் பெரும்பாலும் ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படிதான். இங்கே மாலை என்றால் அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கலாம். புக் செய்த கையோடு, அந்தக் கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் போனில் அலாரம் வைத்துவிடுகிறேன். அலாரம் அடித்ததும் கடைசியாக ஒருமுறை விலையைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அந்த ரூமை உறுதி செய்கிறேன்.